மக்கும் குப்பை அல்ல, ஈரக் குப்பை: பெங்களூர் வீடுகளுக்கு ஒரு கணக்கு

காலை ஏழு மணிக்குக் குப்பை ஆட்டோ தெருமுனையில் வந்து நின்றதும், "அக்கா, ஹசி கசா தனியா, ஒண கசா தனியா குடுங்க" என்று பாதி கன்னடமும் பாதி தமிழுமாக ஒரு குரல் வரும். அல்சூர், காக்ஸ் டவுன், விவேக் நகர் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பழகிய குரல். ஹசி கசா ஈரக் குப்பை, ஒண கசா காய்ந்த குப்பை. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ புதிதாக வந்தவர்கள் முதல் தவறைச் செய்வது இங்கேதான். அங்கே காதில் விழுந்து பழகியது 'மக்கும் குப்பை, மக்காத குப்பை'. செய்தித்தாள் மக்கும், அட்டைப்பெட்டி மக்கும் என்று அதையெல்லாம் காய்கறித் தோலோடு சேர்த்துப் போடுவார்கள். ஆட்டோக்காரர் முகம் சுளிப்பார்.

அவர் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. குப்பையைக் கெடுப்பது அது எந்தப் பொருளால் ஆனது என்பது அல்ல, அதில் இருக்கும் ஈரம். காய்ந்த அட்டைக்குக் குஜரி அங்கடியில், அதாவது பழைய சாமான் கடையில், கிலோவுக்கு விலை உண்டு. அதே அட்டையில் நேற்றைய சாம்பார் ஊறிவிட்டால் ஒரு பைசா பெறாது. காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப் போட்டுக் கட்டினால், காற்று புகாமல் ஒரே நாளில் அழுகிக் கறுப்பாகச் சாறு விடும். அந்தச் சாறுதான் குப்பை மேடுகளைச் சுற்றியிருந்த கிராமங்களின் கிணற்றைக் கெடுத்தது. 2012-ல் மாவள்ளிபுரக் குப்பைக் கிடங்கு மூடப்பட்டதும் பெங்களூர்த் தெருக்கள் நாறிப்போயின. பிறகு மண்டூர் மக்கள் போராடி, 2014 இறுதியோடு அங்கேயும் குப்பை கொட்டுவது நின்றது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் நிறக் கணக்கை முடிவு செய்தது: ஈரத்துக்குப் பச்சை வாளி, ஒதுக்க வேண்டியதற்குச் சிவப்பு வாளி, காய்ந்ததற்கு ஒரு பை. இரண்டு வாளி, ஒரு பை.

வாளியும் பையும் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் மூன்றாவது வாரத்தில் கைவிடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் வாளி அல்ல, சிங்க்.

சிங்க் ஓட்டையில் ஒரு ஸ்டீல் வடிகட்டி, பக்கத்தில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் கூடை. காய் நறுக்கிய தோல், புளிச் சக்கை, டீத்தூள், ஃபில்டரில் மிஞ்சிய காபி சக்கை எல்லாம் முதலில் கூடைக்குத்தான் போக வேண்டும். இரவு சமையலறையை ஒழித்துவிட்டுப் படுக்கும்போது கூடையைச் சிங்க்கின் ஒரு ஓரத்தில் சாய்த்து வைத்தால், காலைக்குள் நன்றாக வடிந்துவிடும். காபி சக்கையை ஃபில்டரிலிருந்து சுடச்சுடத் தட்டக் கூடாது. ஆறிய பிறகு தட்டினால் அடை மாதிரி மொத்தமாகக் கழன்று வரும், சிங்க்கைக் கழுவும் தண்ணீரும் மிச்சம். மிஞ்சிய ரசம், மோர்க்குழம்பு போன்றவற்றை வடிகட்டித் திப்பியை மட்டும் கூடையில் சேர்க்க வேண்டும். புளித்துப்போன இட்லி மாவு ஒரு தனித் தொல்லை. சிங்க்கில் ஊற்றினால் குழாய் வளைவில் படிந்து அடைக்கும், வாளியில் ஊற்றினால் ஒரே நாளில் பொங்கும். பழைய செய்தித்தாளில் கொட்டிச் சுருட்டி ஈர வாளியில் போடுவது ஒன்றே வழி.

ஈர வாளிக்குள் பிளாஸ்டிக் பை விரிக்கக் கூடாது. செய்தித்தாளில் இரண்டு விரிப்பை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்து வாளிக்குள் அழுத்தி, விளிம்பை வெளியே மடித்துவிட்டால் போதும். அடியில் ஒரு கைப்பிடி தேங்காய் நார். நம் வீடுகளில் தேங்காய்க்குக் குறைவில்லை, நாரைத் தூக்கி எறியாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தால் இதற்கே வாரம் முழுக்கப் போதும். கசியும் கடைசிச் சொட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். ஆட்டோவில் கவிழ்க்கும்போது தாளோடு சேர்ந்து ஒட்டாமல் விழும், வாளியை ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவிவிடலாம்.

காய்ந்த குப்பைக்கு அளவுகோல் பால் பாக்கெட். அதைச் சரியாகக் கையாளத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். மூலையை வெட்டும்போது துண்டு தனியே விழாமல், அரை விரல்கடை ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்ட வேண்டும். தனியாக விழும் அந்தச் சின்ன முக்கோணத்தை எந்தக் கையும் பொறுக்காது. அது சாக்கடைக்கோ மாட்டின் வயிற்றுக்கோதான் போகும். பாலை ஊற்றிய பிறகு பாக்கெட்டுக்குள் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்த வெள்ளைத் தண்ணீரைத் துளசிக்கோ கறிவேப்பிலைத் தொட்டிக்கோ ஊற்றலாம். பிறகு வெட்டிய மூலை கீழே பார்க்கும்படி துணிக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட வேண்டும். ஒரு நாளில் காய்ந்துவிடும். கழுவாமல் மடித்து வைத்தால் மறுநாளே புளித்த வாடை, மூன்றாம் நாள் கரப்பான். கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டைக் குஜரிக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்வார். அது ஒரே வகை பிளாஸ்டிக், அதனால் உருக்கி மறுபடி வார்க்கலாம்.

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பூ சாஷே கதை வேறு. உள்பக்கம் வெள்ளியாக மினுங்குவது பல அடுக்குகளை ஒட்டியது, பிரிக்க முடியாது. காசு கொடுத்து வாங்க ஆள் இல்லை. பெரும்பாலும் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போய்ச் சேரும். அதையும் காய்ந்த பையிலேயே போட வேண்டும், ஆனால் துடைத்துப் போட வேண்டும். பழச்சாற்று அட்டைப்பெட்டியை மூலை பிரித்துத் தட்டையாக்கினால் பையில் பாதி இடம் மிச்சம். சூப்பர் மார்க்கெட்டில் தரும் வழவழப்பான பில் காகிதம் பார்க்கத்தான் காகிதம். அதில் ரசாயனப் பூச்சு இருப்பதால் காகிதக் கட்டோடு சேர்க்கக் கூடாது, உரத்தொட்டியிலும் போடக் கூடாது. எண்ணெய் ஊறிய வடைத் தாள் காய்ந்த பையை நாசமாக்கிவிடும். கிழித்து ஈரக் குப்பையில் சேருங்கள்.

சிவப்பு வாளிக்குள் போவது குறைவுதான்: நாப்கின், டயபர், பேண்டேஜ், துடைத்த தூசி, உடைந்த பீங்கான். நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, வெளியே சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட வேண்டும். பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டிய கஷ்டம் எடுப்பவருக்கு வராது. உடைந்த கண்ணாடி, சவரப் பிளேடுக்கும் தடிமனான தாளும் அதே குறியும். பேட்டரி, டியூப்லைட், காலாவதியான மாத்திரை இவை எதிலும் சேராமல் தனி டப்பாவில் சேர வேண்டும்.

இனி உரம். இதில்தான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள், அதிகம் பேர் மனம் வெறுத்தும் போகிறார்கள்.

முதலில் கணக்கு. நாலு பேர் உள்ள சைவச் சமையல் வீட்டில், வடித்த பிறகு, ஒரு நாளைக்கு முக்கால் கிலோ சுமாருக்கு ஈரக் குப்பை வரும். ஏறத்தாழ இரண்டு லிட்டர் கன அளவு. அதே கன அளவுக்கு நொறுக்கிய காய்ந்த இலை சேர வேண்டும். இருபது லிட்டர் பெயிண்ட் வாளி இப்படிப் போட்டுக்கொண்டே வந்தால், உள்ளே இறங்கி இறங்கி, பதினைந்து முதல் இருபது நாளில் நிறையும். நிறைந்த வாளி முதிர நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் பிடிக்கும், பெங்களூர் மார்கழிக் குளிரில் இன்னும் கொஞ்சம் கூட. ஆகவே ஒரு வீட்டுக்கு நாலு வாளி தேவை. ஒன்றோ இரண்டோ வாங்கிவிட்டு, முதல் வாளி முதிரும் முன்னே இரண்டாவதும் நிறைந்து, வேறு வழியில்லாமல் பாதி வெந்ததைக் கொட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. அழகான மண்பானை அடுக்கு, இந்த ஊரில் 'கம்பா' என்பார்கள், வாங்கினாலும் கணக்கு இதேதான். பானை தானே கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பது மட்டும் கூடுதல் லாபம்.

பெயிண்ட் வாளியின் பக்கவாட்டில் நாலு விரல் இடைவெளியில் எட்டு மில்லிமீட்டர் ஓட்டைகள், அடியில் ஐந்து. டிரில் இல்லையென்றால் பழைய ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் காய்ச்சிக் குத்தலாம், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு. வாளியை இரண்டு செங்கல்மேல் வைத்துக் கீழே ஒரு தட்டு. அடியில் இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் நாரும் குச்சிகளும், அதன்மேல் ஒரு கைப்பிடி பழைய உரமோ சாணமோ. இரண்டும் கிடைக்காவிட்டால் அரை டம்ளர் புளித்த மோர். அதன்பிறகு ஒரு அடுக்கு ஈரம், ஒரு அடுக்கு இலை. கடைசி அடுக்கு எப்போதும் இலையாக இருக்க வேண்டும், மேலே ஒரு தோல்கூடத் தெரியக் கூடாது. பழ ஈ முட்டையிடுவது தெரியும் தோலில்தான். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை அடிவரை கிளற வேண்டும்.

எல்லாச் சிக்கலுக்கும் ஒரே பரிசோதனை. உள்ளிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரியான பதம். சொட்டுச்சொட்டாக ஓடினால் ஈரம் அதிகம், கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் குறைவு. கொழுக்கட்டை மாவு பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லாமல் அழுகுகிறது என்று பொருள். வெளியே கொட்டிக் கிளறி, இலை சேர்த்துத் திரும்ப நிரப்ப வேண்டும். மூக்கைத் துளைக்கும் மூத்திர வாடை என்றால் காய்கறி அதிகம், இலை போதவில்லை. எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளிக்க வேண்டும். தடித்த, பழுப்புப் புழுக்கள் நெளிந்தால் அலறத் தேவையில்லை. அவை கருப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள், கடிக்காது, நோய் பரப்பாது, குப்பையை வேகமாகத் தின்னும். ஆனால் அவை வந்திருப்பதே வாளி நசநசவென்று இருக்கிறது என்பதற்குச் சாட்சி. இரண்டு கைப்பிடி இலை கூடப் போட்டால் தாமாகவே குறையும்.

இலைக்குப் பதில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி வாங்குபவர்கள் பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துத் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். அது செடித் தொட்டிக்கான முறை. உரவாளிக்குக் கட்டியைச் சுத்தியலால் உடைத்து, காய்ந்த தூளாகவே போட வேண்டும். ஊறவைத்த கோகோபீட் எந்த ஈரத்தை உறிஞ்சும்? மரப்பட்டறைத் தூள் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை இருக்கிறது.

இரண்டையும்விட மேலானது, இந்த ஊர்த் தெருக்களில் மாசி, பங்குனியில் கொட்டிக் கிடப்பது. தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகளை நொறுக்கவே வேண்டாம், அப்படியே போடலாம். புங்க இலை காய்ந்தால் கையாலேயே நொறுங்கும். மாவிலையும் பலா இலையும் தடிப்பு, லேசில் மக்காது. மாதத்துக்கு ஒரு ஐம்பது கிலோ அரிசிச் சாக்கு நிறைய நொறுக்கிய இலை செலவாகும். ஜூன் முதல் அக்டோபர் வரை தெருவில் காய்ந்த இலை கிடைக்காது, கிடைப்பதெல்லாம் நனைந்தது. ஆகவே மழைக்கு முன்பே ஐந்து சாக்கு கட்டி மொட்டை மாடிப் படிக்கட்டின் அடியில் அடுக்கிவிட வேண்டும். தெருப் பெருக்கும் பௌரகார்மிகரிடம் முந்தின நாளே சொல்லிவைத்தால் குவித்து வைத்துக் கொடுப்பார்கள். அவர்களுக்கும் சுமை குறைகிறது, எரிக்கும் புகையும் இல்லை.

போடக் கூடாதவை: ஊறுகாய், எண்ணெய்க் குழம்பு, எலும்பு, மீன் கழிவு. எலுமிச்சைத் தோல் கொஞ்சம் போதும், பொடியாக நறுக்கி. தேங்காய்ச் சிரட்டையும் மாங்கொட்டையும் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். உரம் தயாரா என்று அறிய வாசனை மட்டும் போதாது. சல்லடையில் சலித்து ஒரு கிண்ணத்தில் எடுத்துப் பத்து வெந்தயம் ஊன்றுங்கள். குறைந்தது எட்டு முளைத்தால் செடிக்குப் போடலாம். முளை கருகினால் இன்னும் இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும்.

அடுக்ககங்களில் இப்போது 'இருபத்து நாலு மணி நேர உர இயந்திரம்' விற்க ஆட்கள் வருகிறார்கள். பல இயந்திரங்கள் செய்வது சூடேற்றி ஈரத்தை விரட்டுவது மட்டும்தான். வெளியே வருவது காய்ந்த குப்பை, உரம் அல்ல. மண்ணில் கலந்து தண்ணீர் ஊற்றினதும் பூஞ்சணம் பிடித்துப் பழைய நாற்றம் திரும்பும். மின்சாரக் கட்டணம் தனி. ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடங்கள் மொத்தக் குப்பை உண்டாக்குபவர்கள் என்று 2016 திடக்கழிவு விதிகள் சொல்லின. அந்த அளவு குடியிருப்புக்குக் கம்பிவலை வைத்த நாலுக்கு நாலு அடித் தொட்டிகள் வரிசையும், கிளற ஒரு ஆளும் போதும்.

தண்ணீருக்கு வருவோம். தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர், அதுவும் மேட்டில் ஏற்றி, காவிரி இந்த ஊருக்கு வருகிறது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். அடுக்ககங்களும் கடைகளும் குழாயில் ஏரேட்டர், அதாவது காற்றைக் கலந்து தண்ணீர் வரத்தைக் குறைக்கும் சின்ன வலை, பொருத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்த அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டரைக் கூடுதலாகக் கொண்டுவந்தது. ஏரேட்டர்கள் பாதிப் பேர் வீட்டில் கழன்று டிராயருக்குப் போனது அதற்கப்புறம்.

கழற்றியதற்குக் காரணம் பொருத்திய இடம். வாளி நிரப்பும் குழாயில் ஏரேட்டர் போட்டால் ஒரு சொட்டும் மிச்சமாகாது. வாளிக்கு வேண்டியது இருபது லிட்டர் என்றால் இருபதுதான், நேரம் மட்டும் மூன்று மடங்கு ஆகும். கை கழுவும் பேசின், சமையலறை சிங்க், இந்த இரண்டுக்கும்தான் அது. குழாயின் கீழே ஒரு லிட்டர் ஜாடியைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். ஐந்து விநாடி என்றால் நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர். பேசினுக்கு மூன்று லிட்டர் ஏரேட்டர் போதும், சிங்க்குக்கு ஐந்து ஆறு. குழாய் வாயில் மரை உள்பக்கம் இருந்தால் 24 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் இருந்தால் 22 என்று கேட்டு வாங்க வேண்டும். டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரே கசிவைத் தடுக்கும். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் இரண்டு மாதத்தில் வலையில் வெள்ளைப் படிவு கட்டி, தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சும். கழற்றி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அரை மணி ஊறவைத்தால் போய்விடும்.

ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. காவிரி மட்டும் வரும் வீட்டுக்கு அது தேவையே இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கித் தண்ணீரின் உப்பைப் பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் புற ஊதா விளக்கு வைத்த சுத்திகரிப்பான் போதும். ஆனால் அடுக்ககத் தொட்டியில் காவிரி, போர்வெல், டேங்கர் மூன்றும் கலக்கும், எண் மாதத்துக்கு மாதம் மாறும். ஏப்ரலில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறையாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆர்.ஓ. இருந்தே ஆக வேண்டும் என்றால் கழிவுக் குழாயை இருபது லிட்டர் கேனில் விடுங்கள். இயந்திரத்துக்குக் கீழேதான் கேன் இருக்க வேண்டும். தரை துடைக்க, பாத்திரத்தின் முதல் அலசலுக்கு, கழிப்பறைக்கு அது நல்லது. செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் உப்புச் சேர்ந்து இலை நுனி கருகும். மல்லிகைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, எந்த மீட்டரும் வாங்காமல் பார்க்கக்கூடியது. ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து, ஆறிப்போன டிகாக்‌ஷன் கால் டம்ளர் ஊற்றுங்கள். இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் அழுத்தக் கூடாது. கோப்பைத் தண்ணீரில் பழுப்பு நிறம் இறங்கியிருந்தால் அடி வாஷர் கசிகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் சத்தமில்லாமல் போனாலும் ஒரு நாளைக்கு 144 லிட்டர். மாற்றும் முன் பழைய வாஷரைக் கழற்றிக் கடைக்கே எடுத்துப் போங்கள், கண் அளவில் வாங்கினால் இரண்டாம் முறையும் நடக்க வேண்டியிருக்கும். பழைய பத்து லிட்டர் தொட்டியாக இருந்தால், திறந்தது திறந்தபடியே ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மிதவையைத் தொடாத மூலையில் நிறுத்திவிடலாம். செங்கல் வைக்காதீர்கள். அது கரைந்து, மணல் அந்தப் புது வாஷரின் அடியிலேயே போய் உட்காரும்.